நம் வீட்டில் எர்த் இல்லை

தம்பி,

நீ என்னோடு பேசி இருபத்தொரு நாள் ஆகிறது. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், எனக்கு வேறு என்ன வேலை. காலையில் நான் அனுப்பும் வணக்கத்துக்கு இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் விழுவதில்லை. கடைசியாக நீ அனுப்பியதில் இரண்டு கேள்வி இருந்தது. "அந்தக் கார வாங்கலாமா வேணாமா, அப்பாவா இல்ல, எலக்ட்ரீஷியனா சொல்லுங்க" என்பது ஒன்று. "அன்னிக்கு சிதம்பரத்துல உங்களுக்கு என்னப்பா ஆச்சு?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. எழுத உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே பதில்தான் என்று தெரிகிறது. அதனால் பொறுமையாகக் கடைசி வரை படி. நிவேதாவும் படிக்கட்டும், அவள் அப்பாவும் படிக்கட்டும். அவர் வீட்டு வாசலில் நான் செய்த காரியத்துக்கு அவருக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

சம்பந்திக்குப் பாதிக் கதைதான் தெரியும் என்பதால் வரிசையாகவே எழுதுகிறேன். உன் மேனேஜர் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார், தன் காரை உனக்கே தருகிறேன், இரண்டு நாள் ஓட்டிப் பார் என்று சாவியைக் கொடுத்தார். நீ நிவேதாவையும் யாழினியையும் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கடலூருக்கு வந்து நம் வாசலில் நிறுத்தினாய். "பெட்ரோலும் உண்டு, பிளக்கும் உண்டுப்பா. ஃபுல்லா சார்ஜ் ஏத்திட்டா இங்கேருந்து சிதம்பரம் வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் எரியாது" என்று, ஏதோ நீயே செய்து இறக்கியது போலச் சொன்னாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மொபெட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்துக்கும் முதுநகருக்கும் முப்பத்தைந்து வருடம் ஒயரிங் வேலைக்குப் போனவன் நான். என் வாசலில் அப்படி ஒரு கார் நின்றதை எதிர்வீட்டார் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கேட்டைத் திறந்து வைத்தேன்.

அப்புறம் டிக்கியிலிருந்து சார்ஜ் கேபிளை எடுத்தாய். போர்ட்டிகோ சுவரில் நான் கறுப்பு டேப் ஒட்டி மூடி வைத்திருந்த பிளக் பாயிண்டைக் காட்டி, இது ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டாய். வேலை செய்யாது என்றேன். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா தான வருது" என்று டேப்பைப் பிய்த்துப் போட்டுச் செருகினாய். கேபிளின் நடுவில் இருந்த பெட்டியில் சிவப்பு எரிந்தது. கழற்றிச் செருகினாய், மறுபடியும் சிவப்பு. போனில் தேடிப் படித்துவிட்டுச் சிரித்தாய். "எர்த் இல்லன்னு காட்டுதுப்பா. ஊருக்கே எர்த் போட்ட ஆளு வூட்டுலயே எர்த் இல்லியா?" நிவேதாவும் சிரித்தாள். பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று யாழினியும் சிரித்தாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை.

நீ அதோடு விட்டிருந்தால் அந்த நாள் நல்லபடியாகவே போயிருக்கும். ஆனால் உன் போனில் ஒருவன் வழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "பிளக்குக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால சேத்துட்டா பச்சை வந்துடுமாம்பா. அஞ்சு நிமிஷ வேலை, போட்டுக் குடுங்களேன்" என்றாய். அதற்கு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். மருமகள் முன்னால், நான்கு வயதுக் குழந்தை முன்னால் வாயில் வரக் கூடாத வார்த்தை. கையிலிருந்த கட்டிங் பிளேயரை எறிந்தேன், அது சுவரில் பட்டுத் தெறித்து யாழினியின் காலருகில் விழுந்தது. வைத்த மீன்குழம்பு வைத்தபடி இருக்க, நீங்கள் மூன்று பேரும் சிதம்பரத்துக்குச் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நீ நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அண்ணாமலை நகரிலிருந்து சம்பந்தி வீடியோ காலில் வந்தார். நல்ல மனிதர், நம்மைச் சமாதானம் செய்யத்தான் கூப்பிட்டார். "ஒண்ணும் கவலப்படாதீங்க சம்பந்தி. எங்க தெரு ஒயர்மேன் வந்து ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணிட்டாரு. பச்சை எரியுது பாருங்க" என்று போனைக் காரின் பக்கம் திருப்பினார். கார் சார்ஜில் நின்றது. யாழினி வெறுங்காலோடு ஓஸ் குழாயைப் பிடித்துக் கார் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்குங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள் என்று கத்தினேன். "நீங்க ஒண்ணு சம்பந்தி, இது புது டெக்னாலஜி" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நீ என் போனை எடுக்கவில்லை. நிவேதாவும் எடுக்கவில்லை. போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் உனக்குப் போன் போட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "யாராவது சீரியஸா பெரியவரே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வந்ததும் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். மெயினை அணைத்தேன், அந்த பிளக் பெட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்தேன். உள்ளே இருந்த ஒரு விரல் நீளத் துண்டு ஒயரை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாழினி அலறி அழுதாள், தெருவே எட்டிப் பார்த்தது. "எங்க வூட்டுக்கு வந்து இப்படிப் பண்றீங்களே, இது நல்லாருக்கா?" என்று சம்பந்தி கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்கு என்னப்பா ஆச்சு?" என்றாய். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். குழந்தை உன் தோளில் இருந்தாள், ஈர பிராக்கோடு. அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அந்தத் துண்டு ஒயர் என்ன செய்யும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வரும் கரண்ட் பேஸ் என்ற கம்பியில் வந்து நியூட்ரல் என்ற கம்பியில் திரும்பிப் போகிறது. எர்த் என்பது மூன்றாவது கம்பி, அது மண்ணுக்குப் போகும். வண்டியின் உடம்பிலோ பிரிட்ஜின் உடம்பிலோ கரண்ட் கசிந்தால், நம் கை வழியாக இறங்காமல் அந்தக் கம்பி வழியாக இறங்குவதற்காக இருக்கிறது. உன் காரோடு வந்த பெட்டி முதல் வேலையாக அந்தக் கம்பி இருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லை என்றால் சார்ஜ் ஏற்ற மாட்டேன் என்று நிற்கிறது. நியூட்ரலை அதோடு சேர்த்துக் கட்டினால் பெட்டி ஏமாந்து பச்சை காட்டும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, மறுநாளும் ஆகாது. ஆனால் ஐப்பசிக் காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்து தெருக் கம்பியில் நியூட்ரல் மட்டும் அறுந்தது என்று வை, காரின் உடம்பு முழுவதும் கரண்ட் நிற்கும். கதவைத் தொடுபவர் யாராக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். நம் பக்கம் வருஷம் தவறாமல் மட்டை விழுகிறது, கம்பி அறுகிறது. அந்த ஒயர்மேன் கெட்டவர் இல்லை. பச்சை எரிய வேண்டும் என்று கேட்டார்கள், எரிய வைத்துக் கொடுத்துவிட்டார்.

இனி கார். வாங்காதே என்று நான் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பாய். அப்படிச் சொல்லப்போவதில்லை. ஆனால் டிக்கியில் நான் பார்த்த ஒன்றை நீ கவனிக்கவில்லை. நீ அவசரமாகப் பிய்க்கும் வரை அந்தக் கேபிள் இருந்த பையின் ஒட்டு கம்பெனியில் ஒட்டியபடியே இருந்தது. உன் மேனேஜர் வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அதைச் செருகியதில்லை. அவ்வளவு பெரிய பேட்டரியைச் சுமந்துகொண்டு வெறும் பெட்ரோலிலேயே ஓட்டியிருக்கிறார். இந்த வகை வண்டியில் நிறையப் பேர் செய்யும் கூத்து இது. தினமும் செருகாதவனுக்கு இது பெட்ரோல் காரைவிட மோசம், சுமை ஜாஸ்தி. அதனால் உன்னையே கேட்டுக்கொள்: நீ தினமும் ராத்திரி செருகுவாயா? நீ இருப்பது நான்காவது மாடி. கீழே உன் பார்க்கிங்கில் உன் மீட்டரிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ள அசோசியேஷன் எழுத்தில் சம்மதம் தருமா? வாய்ப்பேச்சு வேண்டாம், புதுச் செயலாளர் வந்தால் பேச்சு மாறிவிடும். எழுத்தில் கிடைக்காவிட்டால் மேனேஜருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வேறு வண்டி பார்.

கிடைத்தால், அடுத்தது பேட்டரி. அதற்குக் கொடுத்த வாரண்டி இரண்டாவது ஆளுக்கும் வருமா என்று கம்பெனியிலேயே கேள், விற்பவரிடம் கேட்காதே. இன்றைக்கு அது எவ்வளவு தாங்குகிறது என்று சோதித்த காகிதத்தை வாங்கிக்கொள். இந்த மாதிரி வண்டி நம் ஊரில் இன்னும் நாலு பேரிடம்கூட இல்லை. ரிப்பேர் என்றால் கடலூரில் தொட ஆள் கிடையாது, சென்னைக்கோ பாண்டிக்கோ இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதையும் மனதில் வை. உள்ளே இன்ஜின் ஒன்று, மோட்டார் ஒன்று, இரண்டு குடித்தனம். கரண்டிலேயே ஓட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தால் டேங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து கெட்டுப்போகும், அதனால் அவ்வப்போது இன்ஜினையும் ஓடவிட வேண்டும். உனக்கு ஒத்து வருவது எங்கே என்றால், ஆபீசுக்குப் போகவர கரண்டிலேயே போதும், சென்னையிலிருந்து என்னையோ சம்பந்தியையோ பார்க்க வரும்போது பெட்ரோல் கைகொடுக்கும், வழியில் சார்ஜுக்கு நிற்க வேண்டாம். அந்தக் கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை.

வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வார்கள். கெடிலம் ஆற்றில் தண்ணீர் வந்தால் நம் தெருவுக்கு எவ்வளவு ஏறும் என்று உனக்குத் தெரியும், முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் போனவன் நீ. மழை எச்சரிக்கை சொன்னாலே வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய்விடு. தண்ணீரில் நின்ற வண்டியைக் காய்ந்துவிட்டது என்று செருகாதே, கம்பெனி ஆள் பார்க்கும் வரை பக்கத்தில்கூடப் போகாதே. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கம்பிகளை நீயும் தொடாதே, தெரு மெக்கானிக்கும் தொட வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து ஒரு நாளும் சார்ஜ் போடாதே. இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படி, தம்பி. இதற்கு மேல் எழுதப்போவதெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

ஒவ்வொரு வருடமும் உன் பிறந்தநாள் மாதத்தில் நீ இதயப் பரிசோதனைக்குப் போகிறாய். டிரெட்மில்லில் ஓடவிடுகிறார்கள், உடம்பில் ஒயர் ஒட்டுகிறார்கள். முப்பத்தி நாலு வயதில் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொட மாட்டேன் என்கிறாய், யாழினியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினால் நாடி பிடித்துப் பார்த்துக்கொள்கிறாய். ஆஸ்பத்திரி பாரத்தில், குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்ற இடத்தில், அம்மா, ஐம்பத்தோரு வயதில், ஹார்ட் அட்டாக் என்று எழுதுகிறாய். நான்கு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். போன தடவை நீ டாக்டர் சீட்டைக் காட்டி, "அம்மாவுக்கு இந்த டெஸ்ட்ட எடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்பா" என்று கண் கலங்கினாய். நான் தோளில் தட்டிக் கொடுத்தேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம்.

உன் அம்மாவின் இதயத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை. அவள் கரண்ட் அடித்துச் செத்தாள். நம் போர்ட்டிகோவில், என் ஒயரிங்கில்.

நம் வீடு கட்டியபோது எர்த்துக்கு என்று நான் தனிக் குழி தோண்டவில்லை. தண்ணீருக்கு போர் போட்டிருந்தோம், அதற்கு இறக்கிய இரும்புக் குழாய் அறுபது அடி மண்ணுக்குள் நின்றது. இதைவிட நல்ல எர்த் யாருக்குக் கிடைக்கும் என்று பச்சைக் கம்பியைக் கொண்டுபோய் அந்தக் குழாயில் கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டேன். ஊரில் மற்ற வீடுகளில் கரியும் உப்பும் போட்டுக் குழி நிரப்பி, வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு வருவேன். உன் அம்மா ஒருநாள் கேட்டாள். "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் குழிக்கித் தண்ணி ஊத்தச் சொல்றீங்களே, நம்ம வூட்டுக் குழி எங்கங்க?" போர்தான்டி நமக்குக் குழி என்று சிரித்தேன். கொஞ்ச வருடத்தில் கடல் தண்ணீர் உள்ளே ஏறி போர் உப்பாகிவிட்டது, உனக்கு நினைவிருக்கும், குளித்தால் தலை சிக்கெடுக்க முடியாது. பழைய போரைத் தூர்த்துவிட்டுத் தள்ளி இன்னொன்று போட்டோம், இந்தத் தடவை பிளாஸ்டிக் குழாய். இரும்புக் குழாயை மிஷின்காரர்கள் உருவிக் காயலான் கடைக்குப் போட்டார்கள். அதற்கு முன்னால் கிளாம்பைக் கழற்றியவன் நான்தான். என் கையால் கழற்றி, பச்சைக் கம்பியைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, நாளைக்குக் குழி தோண்டிவிடலாம் என்று நினைத்தேன்.

எர்த் இல்லாவிட்டாலும் லைட் எரியும், ஃபேன் ஓடும், மிக்ஸி அரைக்கும். ஒன்றும் குறையாகத் தெரியாது. நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு வருடம் ஓடியது. உன் அம்மா அந்தக் கம்பியில் கரித்துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இதோடு நின்றிருந்தாலும் அவள் பிழைத்திருப்பாள், ஏனென்றால் யாராவது கரண்டைத் தொட்டால் கண் இமைப்பதற்குள் நிறுத்திவிடும் டிரிப்பர் நம் வீட்டில் இருந்தது. மழைக்காலத்தில் சுவர் ஈரத்துக்கு அது அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தது. "பிரிட்ஜுல வச்ச மாவெல்லாம் புளிச்சிப் போவுதுங்க, ஊர் வேலைக்கெல்லாம் ஓடுறீங்க, இத ஒரு தடவ பாருங்களேன்" என்றாள். எங்கே கசிகிறது என்று தேட அரை நாள் ஆகும். எனக்கு அன்றைக்கு வேறு வீட்டு வேலை. டிரிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேராக ஒயர் கொடுத்துவிட்டேன். வேறு ஒயர்மேன் இதைச் செய்திருந்தால் நான் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

நீ வாங்கிக் கொடுத்த பேட்டரி ஸ்கூட்டரை அவள் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தாள் என்று உனக்குத் தெரியும். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்கு என்னைக் கெஞ்ச வேண்டாம் என்று ஆகிவிட்டது. "இன்னும் கொஞ்சம் சார்ஜ் நின்னா வடலூர் வரைக்குமே போயிட்டு வந்துடுவேன்" என்று உன்னிடம் போனில் சொல்வாள். நீ டேப்பைப் பிய்த்த அந்தப் பாயிண்டுக்கும் வண்டிக்கும் தூரமாக இருந்ததால், வேலைக்கு எடுத்துப் போகும் என் பழைய இரும்பு எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் போர்ட்டிகோவில் வைத்திருந்தேன். அதனுள்ளே ஒயரின் தோல் உரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும், டிரிப்பர் இருந்திருந்தால் விழுந்திருக்கும். அன்று சாயங்காலம் மழை. சாரல் பெட்டி மேல் அடிக்கிறதே என்று நகர்த்தி வைக்கப் போயிருக்கிறாள், வெறுங்காலோடு. நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் இருந்தேன். அங்கே என்ன வேலை என்று கேட்காதே. எர்த் குழிதான்.

வந்து பார்த்தபோது அவள் கை பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது, என் தொழில் அது. மெயினை அணைத்தேன். விரல்களைப் பிரித்தேன். மூச்சு இல்லை, உடம்பு குளிர்ந்துவிட்டது. அதற்கு மேல் செய்ததைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தேன். யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பரணில் மறைத்தேன். ஸ்கூட்டரின் சார்ஜரைச் சுருட்டி வைத்தேன். ஈரப் புடவையை மாற்றினேன். அப்புறம்தான் பக்கத்துத் தெருவில் இருந்த உன் மாமன் கலியபெருமாளைக் கூப்பிட்டேன். வந்த வயதான டாக்டர் சர்க்கரை இருந்ததா, பிரஷர் இருந்ததா என்று கேட்டார், இருந்தது என்றேன், அவர் ஹார்ட் என்று எழுதிக் கொடுத்தார். குளிப்பாட்டும்போது உன் அத்தை அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "இது என்னாங்க, தீஞ்ச மாரி இருக்கு?" என்றாள். காலையில் தோசைக்கல் சுட்டுவிட்டது என்றேன். நீ வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாய்.

நிவேதா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு அதிர்ச்சி கூடாது, நீ வாங்கிக் கொடுத்த வண்டியால்தான் என்று நீ உன்னையே வெறுத்துவிடுவாய், அதனால் மறைத்தேன் என்று நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பெயருக்காக மறைத்தேன். சொந்தப் பெண்டாட்டியையே கரண்டுக்குக் கொடுத்தவனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று, அவள் கிடந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே நினைத்தேன். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள். உன் வண்டியில் ஒரு பழுதும் இல்லை. அதன் சார்ஜரில் ஒரு பழுதும் இல்லை. நீ ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் நாளே டிரிப்பரைத் திரும்ப மாட்டிவிட்டேன், அதனால்தான் உங்களை அந்த வீட்டில் தங்கவிட முடிந்தது. ஆனால் எர்த்துக்குக் குழி தோண்ட என்னால் முடியவில்லை. மண்வெட்டியை எடுத்தால், இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது எதற்கு என்று யாராவது கேட்பார்கள். ஆணியில் அந்தக் கம்பி அப்படியே தொங்கியது. நான்கு வருடமாக நான் வாயைத் திறக்காததை, உன் காரோடு வந்த பெட்டி செருகிய மறுநொடியே சொல்லிவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். அதை ஏமாற்றிப் பச்சை காட்ட வைக்க முடியுமா என்று நீ கேட்டாய், என்னை, அதே போர்ட்டிகோவில் நின்றுகொண்டு. மறுநாள் உன் மகள் ஈரத்தில் வெறுங்காலோடு நின்றாள். அன்றைக்கு எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாயே, இதுதான்.

போன வாரம் குழி தோண்டினேன். ஆள் வைக்கவில்லை. அறுபத்தி மூன்று வயதில் மூச்சு வாங்கியது, இரண்டு நாள் ஆனது. உன் மாமன் கலியபெருமாள் பால் வாங்கப் போகும் வழியில் நின்று, "என்னா மச்சான், இந்த வயசுல குழி வெட்டிக்கினு கெடக்கற? ஆளு வச்சா ஆவாதா?" என்று கேட்டான். அவனிடம் சொல்லிவிட்டேன். உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடு, வாயில் வந்துவிட்டது. அவளுக்குக் கூடப் பிறந்தவன், என்னை அடிப்பான் என்று கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவன் குழி ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். "அவ கைய நான் பாத்தேன் மச்சான். நீ சொன்னத நம்புனேன்" என்றான். அப்புறம் கடப்பாறையை எடுத்து, மிச்சத்தை அவனே தோண்டிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவாமல் போனான். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. நீயும் அப்படிப் போகலாம். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த இரும்புப் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் பாரம் கொடுத்தால், குடும்பத்தில் இதய நோய் இல்லை என்று எழுது. யாழினியைத் தூக்கிக்கொண்டு எத்தனை மாடி வேண்டுமானாலும் ஏறு. அசோசியேஷன் சம்மதித்தால் அந்தக் காரை வாங்கு. சம்பந்தி வீட்டுக்கு ஒழுங்கான எர்த் போட நல்ல ஆளாகப் பார்த்து அனுப்புகிறேன், நான் வரவில்லை. நம் வீட்டுக்கு எப்போதாவது வந்தால், நான் போட்ட எர்த்தை என் வார்த்தையை நம்பி ஏற்றுக்கொள்ளாதே. மீட்டர் வைத்துப் பார்க்கும் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு வா. அவர் சரி என்று சொன்ன பிறகு செருகு. அதுவரை யாழினியைக் காரிலிருந்து இறக்காதே.

குழி பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அருகில் இருக்கிறது. கரியும் உப்பும் போட்டு நிரப்பி, ஆணியிலிருந்து அந்தப் பச்சைக் கம்பியை இறக்கி முறுக்கிவிட்டேன். அவள் போட்ட கரித்துணி ஒன்று அதிலேயே காய்ந்து ஒட்டியிருந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். நேற்று முதல் குடம் ஊற்றினேன். நான் இருக்கும் வரை ஊற்றுவேன். அதற்குப் பிறகு, என்னை மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும், நீதான் ஊற்ற வேண்டும். அவள் கேட்ட குழி அது.